குரூப் போட்டோவில் நாலு அம்பு

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மகள் ஹர்ஷினியின் சமூக அறிவியல் புத்தகத்துக்கு அட்டை போட உட்கார்ந்தேன். பழைய அட்டை முனை கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. புத்தகத்தை உதறியபோது உள்ளேயிருந்து ஒரு பெரிய போட்டோ நழுவி விழுந்தது. எட்டாம் வகுப்பு குரூப் போட்டோ. பொங்கல் லீவு முடிந்த கையோடு பள்ளிக்கூடத்தில் எடுத்தது. போட்டோ கைக்கு வந்துவிட்டது என்பதையே அவள் என்னிடம் சொல்லியிருக்கவில்லை.

நாலு வரிசை. தரையில் உட்கார்ந்தவர்கள், நாற்காலியில் இருந்தவர்கள், நின்றவர்கள், பெஞ்சு மேல் ஏறி நின்றவர்கள். என் மகளைத் தேட வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. கடைசி வரிசையில், இன்னொரு பெண்ணின் தோளுக்குப் பின்னால் பாதி ஒளிந்து நின்ற ஒரு முகத்தை நோக்கி மட்டும் நாலு சிவப்பு அம்புகள் ஒட்டியிருந்தன. நெற்றிக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று, வாய்க்கு ஒன்று, இடது தோளுக்கு ஒன்று.

அந்த அம்பு எனக்குப் பழக்கமானது. பனியன் கம்பெனியில் துணியில் குறை இருக்கும் இடத்தைக் காட்ட ஒட்டுகிற ஸ்டிக்கர். முழு அம்பு போட்டோவில் இருக்கும் முகத்தைவிடப் பெரிது. அதனால் அம்பின் தலையை மட்டும் கத்தரியால் சின்னதாக நறுக்கி ஒட்டியிருந்தார்கள். அவசரத்தில் செய்த வேலை இல்லை. யாரோ நிதானமாக உட்கார்ந்து செய்திருக்கிறார்கள்.

குளியலறையில் ஹர்ஷினி தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது. வீட்டுக்காரர் வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டுக் காட்டினேன்.

“புள்ளைங்க வெளையாட்டு. கம்முனு உடு” என்றார்.

அவர் நிட்டிங் மெஷின் ஓட்டுகிறவர். நூல் அறுந்தால் அவர் மெஷின் தானாக நின்று, விளக்குப் போட்டுக் காட்டிவிடும். அந்தப் பழக்கத்தில், ஏதாவது தப்பாக இருந்தால் அதுவாகவே தெரிய வரும் என்று நம்புகிற மனுசன். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

சந்தேகத்துக்குச் சம்பளம்

அருள்புரம் பக்கத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பகுதிக்கு நான் பொறுப்பு. தைத்து வரும் பீஸை டியூப்லைட்டுக்குக் கீழே மேஜையில் விரித்து, கழுத்து, தோள், கை, பக்கத் தையல், அடி மடிப்பு என்று ஒரே வரிசையில் பார்த்துக்கொண்டு வர வேண்டும். பிறகு திருப்பிப் போட்டு மறுபடி அதே வரிசை. ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் என எது கண்ணில் பட்டாலும் ஒரு சிவப்பு அம்பை ஒட்டி, சரிசெய்கிற டெய்லருக்கு அனுப்ப வேண்டும்.

நாங்கள் விட்டுவிட்டால் துணி வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் அனுப்பும் ஆள் வந்து கண்டுபிடிப்பார். அவர் ஒன்றைக் கண்டுபிடித்தால் கட்டிய பெட்டியை எல்லாம் பிரிக்கச் சொல்வார். அவருக்கு முன்னால் நாம் கண்டுபிடித்துவிட வேண்டும். செக்கிங் என்பது இவ்வளவுதான்.

இந்த வேலையில் இத்தனை வருடம் இருந்தால் கண் வேறு மாதிரி ஆகிவிடும். தக்காளிக்காரர் தள்ளுவண்டியில் மேலே பளபளப்பாக அடுக்கியிருந்தால் எனக்கு அடியில் இருப்பதன் மேல்தான் கவனம் போகும். பால் கெட்டியாக இருந்தால் ஏன் கெட்டியாக இருக்கிறது என்று கேட்பேன். போன வாரம் இந்தப் பக்கத்தில் நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, நீங்கள் யாரையுமே நம்ப மாட்டீர்களா என்று கேட்டிருக்கிறார். அம்மணி, இந்தத் தொடரை எழுதச் சொல்லிப் பத்திரிகையிலிருந்து போன் வந்தபோது, கடன் தருகிறேன் என்று ஏமாற்றுகிற கூட்டம் என நினைத்து இரண்டு தடவை திட்டி வைத்தவள் நான்.

மகளையும் அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் வளர்த்தேன். நாங்கள் இருக்கிற மண்ணரையில் வீட்டு வாசலுக்கே ஸ்கூல் வேன் வந்துவிடும். வேன் வருவதற்கு முன்னால் அவளை வாசற்படியில் நிற்க வைத்து, வகிடு, நெற்றி, காது, பல், காலர், தோள், நகம், ஷூ என்று ஒரு பார்வை. “திரும்பு” என்றால் திரும்புவாள். ஏதாவது இருந்தால் அங்கேயே சொல்லித் திருத்திவிடுவேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து இதில் ஒரு நாள் தவறியதில்லை. என் பிள்ளையைப் பார்த்து எவரும் ஒரு சொல் சொல்லிவிடக்கூடாது என்பதில் அப்படி ஒரு பிடிவாதம் எனக்கு.

அப்படி அனுப்பிய பிள்ளைக்குத்தான் எவரோ அம்பு ஒட்டியிருக்கிறார்கள். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

யார் கை பட்டது?

தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவளிடம் போட்டோவை நீட்டினேன். அவள் முகம் அப்படியே வெளுத்துப் போயிற்று.

“இத ஆரு கண்ணு ஒட்டுனது?”

துண்டைத் தலையிலிருந்து எடுக்காமலே நின்றாள்.

“உன்னத் திட்டலீடி. சொல்லு. போட்டோவ ஆரு கையிலயாச்சும் குடுத்தயா?”

“ஜெனிஃபர் வாங்கிட்டுப் போனா. அவங்கம்மாட்டக் காட்டறதுக்கு. அவளோடது தண்ணி பட்டு ஒட்டிக்கிச்சு.”

ஜெனிஃபர் அவளுக்கு ஆறாம் வகுப்பிலிருந்து சிநேகிதி. எங்கள் வீட்டுக்கு ரெண்டு வீதி தள்ளி லைன் வீட்டில் இருக்கிறார்கள். வேனில் இரண்டு பேரும் ஒரே சீட். அவள் அம்மா ஸ்டெல்லாவும் வேறொரு கம்பெனியில் செக்கிங் பார்க்கிறவர்தான். அம்பு ஸ்டிக்கர் அவர்கள் வீட்டிலும் கிடந்து புரளும்.

“அவதானா?”

“அவ இல்லம்மா.”

“அப்ப வேற ஆரு?”

துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் ‘இல்லை’ என்று சொன்னதையே நான் சந்தேகப்பட்டேன். பயந்துகொண்டு சொல்கிறாள், இருக்கிற ஒரே சிநேகிதியும் போய்விடுவாள் என்று மறைக்கிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

யோசிக்க யோசிக்க எல்லாம் பொருந்தி வந்தது. இரண்டு மாதமாக ஹர்ஷினி சரியில்லை. திங்கட்கிழமை ஆனால் வயிற்று வலி. முன்பெல்லாம் ஸ்கூல் விட்டு வந்தால் வாய் ஓயாது. இப்போது ஸ்கூல் எப்படி என்று கேட்டால் “ம்” என்பாள். ஆண்டு விழாவுக்குப் பேர் கொடுக்கவில்லை. வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் மிஸ் அனுப்புகிற படங்களில் எதிலுமே அவள் இல்லை. மற்ற அம்மாக்கள் இதயம் இதயமாகப் போட்டுக்கொண்டிருப்பார்கள், நான் படத்தை விரலால் பெரிதாக்கி மகளைத் தேடிக்கொண்டிருப்பேன்.

ஸ்டாஃப் ரூம்

திங்கட்கிழமை அரை நாள் பர்மிஷன் சொல்லிவிட்டு நேராக ஸ்கூலுக்குப் போனேன். வகுப்பு மிஸ் சின்ன வயது. என்னை உட்காரச் சொல்லி, போட்டோவைப் பார்த்து, உண்மையாகவே திடுக்கிட்ட மாதிரிதான் இருந்தார். அந்தத் திடுக்கிடலையும் நான் நம்பவில்லை. தன் வகுப்பில் நடப்பது தெரியாமல் ஒரு மிஸ் இருப்பாரா என்று தோன்றியது.

“என்ற பொண்ண ஏனுங்க மிஸ் கடேசி வரிசைல, அதும் இன்னொரு புள்ளைக்குப் பின்னால நிக்க வெச்சீங்க?” என்று கேட்டேன்.

“நான் வெக்கலீங்க. முன்னாடிதான் நிக்கச் சொன்னேன். அவளே கேட்டு அங்க போய் நின்னா. உயரமா இருக்கறதால பின்னால நிக்கறேன்னு சொன்னா.”

ஹர்ஷினி அப்படி ஒன்றும் உயரமில்லை. மிஸ் சமாளிக்கிறார் என்று முடிவு செய்தேன். விசாரித்துத்தான் ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். ஜெனிஃபரை அழைத்து வரச் செய்தார்.

இரட்டைச் சடை போட்ட சின்ன உருவம். வந்ததும் “வணக்கம் ஆன்ட்டி” என்று சிரித்தாள். போட்டோவைக் காட்டியதும் சிரிப்பு போய்விட்டது.

“இது நான் ஒட்டலீங்க ஆன்ட்டி.”

“உங்கூட்டுக்குத்தான கண்ணு போட்டோ வந்துச்சு?”

“ஆமாங்க.”

“உங்கம்மா எங்க வேலைக்குப் போறாங்க?”

“செக்கிங்குங்க.”

“அப்பறமென்ன?” என்று மிஸ்ஸைப் பார்த்தேன். வேலை முடிந்தது என்கிற மாதிரிப் பார்த்தேன். அதை இப்போது எழுதும்போது எனக்குக் கூசுகிறது.

ஜெனிஃபர் அழ ஆரம்பித்தாள். சத்தமில்லாத அழுகை, மூக்கை மட்டும் உறிஞ்சிக்கொண்டே இருந்தாள். மிஸ் அவளை இப்போதைக்கு வேறு பெஞ்சுக்கு மாற்றி உட்கார வைப்பதாகச் சொன்னார். எழுந்து திரும்பியபோது ஸ்டாஃப் ரூம் வாசலில் ஹர்ஷினி நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியவில்லை. என்னையே பார்த்தாள். நான் அவளுக்காகச் சண்டை போட்டு ஜெயித்துக் கொடுத்திருக்கிறேன், ஓடி வந்து கையைப் பிடித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். திரும்பி வகுப்புக்குப் போய்விட்டாள்.

“துணியத்தான பாப்பாங்க”

செவ்வாய்க்கிழமை வேன் வந்து ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று. ஹர்ஷினி பாயை விட்டு எழவில்லை. புதன்கிழமையும் அப்படியே. வியாழக்கிழமை காலையில் நான் அரிசி களைந்துகொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றாள்.

“அம்மா, நான் எட்டாவதோட நிறுத்திக்கறேன். உங்கூட கம்பெனிக்கு வந்தர்றேன்.”

“அட கெரகமே. என்ன பேசற நீ? சின்னப் புள்ளைய ஆரு வேலைக்குச் சேப்பாங்க?”

“கொஞ்ச வருசம் ஊட்டுல இருந்துட்டு வர்றேன். அங்கீன்னா எல்லாரும் துணியத்தான பாப்பாங்க? நம்மள ஆரும் பாக்க மாட்டாங்கல்ல?”

பானையை அப்படியே வைத்துவிட்டேன். அவள் சொன்னதில் பாதிதான் என் காதில் ஏறியது. படிப்பை நிறுத்துகிறேன் என்கிற பாதி. அந்த ஜெனிஃபர்தான் என் பிள்ளையை இந்த நிலைக்குக் கொண்டுவந்துவிட்டாள் என்று மனசு கொதித்தது. மற்றப் பாதியை அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

பூண்டியில் ஒரு சிலை

நிறுத்துகிறேன் என்று அவள் சொன்னதும் நான் ஏன் அத்தனை பதறினேன் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. என் பள்ளிக்கூடம் திருமுருகன்பூண்டிப் பக்கம். வழியெல்லாம் சிலைப் பட்டறைகள். உளிச் சத்தத்துக்கு நடுவில்தான் நடந்து போவோம், வருவோம். கல் தூசியில் என் ரிப்பன் எந்த நிறமாக இருந்தாலும் சாம்பலாகத்தான் வீடு வந்து சேரும்.

ஒரு பட்டறைக்கு வெளியே, வேலியோரமாக ஒரு அம்மன் சிலை கிடந்தது. எல்லாம் செதுக்கி முடிக்கிற நேரத்தில் உதட்டோரம் ஒரு சில்லு தெறித்துவிட்டதாம். பின்னமான சிலையைக் கோயிலுக்குக் கொடுக்க மாட்டார்கள். விற்கவும் மாட்டார்கள், உடைக்கவும் மனசு வராது. அப்படியே கிடக்கும்.

அந்த வருடம்தான் நான் அடிபம்பில் தண்ணீர் அடிக்கும்போது கைப்பிடி எகிறி முன்பல் பாதி உடைந்தது. மறுநாள் வகுப்பில் எவளோ ஒருத்தி, “ஏய், பட்டறைச் சிலையாட்ட இருக்கறா பாரு” என்றாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து எனக்குப் பேரே ‘பின்னம்’. ரோல் நம்பர் கூப்பிடும்போது நான் “உள்ளேன் ஐயா” சொன்னால் பின்பெஞ்சில் ஒரு சிரிப்பு ஓடும். அதற்கப்புறம் நான் வாயைத் திறப்பதை நிறுத்தினேன். வாய் திறக்காத பிள்ளைக்குப் படிப்பு வரவில்லை என்று வாத்தியார் எழுதினார். அதை நானும் நம்பினேன். எட்டாம் வகுப்போடு நின்றேன்.

என் மகள் பிறந்தபோது நான் எடுத்த முடிவு ஒன்றுதான். இவளிடம் இருக்கிற எந்தக் குறையும் ஊரார் கண்ணில் படுவதற்கு முன்னால் என் கண்ணில் பட்டுவிட வேண்டும். இப்போது அவளும் அதே எட்டாம் வகுப்பில் வந்து நிற்கிறாள்.

முனை தொடாத அம்பு

அந்த வியாழக்கிழமையும் வேலைக்குப் போனேன். போட்டோ கைப்பையில் இருந்தது. அடுத்து தலைமை ஆசிரியரைப் பார்ப்பது என்று தீர்மானித்திருந்தேன்.

செக்கிங்கில் ஒரு புதுப் பெண் சேர்ந்திருந்தாள். தென்காசிப் பக்கத்துப் பெண். பார்த்து வைத்த பீஸ்களைக் காட்டினாள். ஓட்டைகளின் மேலேயே அம்பை அப்பி வைத்திருந்தாள். எனக்கு வந்ததே கோபம்.

“எத்தன தடவ சொல்றது? கொறை மேலயே ஒட்டுனா டெய்லருக்கு எப்படித் தெரியும்? முனை தொடக்கூடாது. பக்கத்துல வந்து நிக்கோணும். ஒரு கேப்பை மணி அளவு எடம் உடோணும்.”

“மேலதாம்க்கா எல்லாரும் ஒட்டுவாவ. எனக்குத் தெரியாதுல்லா” என்றாள் அந்தப் பெண்.

உண்மைதான். கற்றுக்கொடுக்காத கை எதுவும் மேலேதான் ஒட்டும். குறையை மறைக்கத்தான் கை போகும். பக்கத்தில் நிறுத்துவதற்குப் பழக வேண்டும். என்னிடம் வேலை கற்ற பெண்களைத் தவிர மற்ற மேஜைகளில் எவரும் இந்தக் கேப்பை அளவை ஒழுங்காகப் பார்ப்பதில்லை. அதைச் சொல்லியே நான் எத்தனையோ பேரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

கைப்பையைத் திறந்து போட்டோவை எடுத்தேன். டியூப்லைட்டுக்குக் கீழே விரித்து, ஒரு பீஸைப் பார்க்கிற மாதிரி பார்த்தேன்.

நாலு அம்பும் முகத்தைத் தொடவில்லை. நெற்றித் தழும்புக்குச் சற்று முன்னால் ஒன்று. விடைத்து நிற்கிற காது மடலுக்குச் சற்று முன்னால் ஒன்று. தெத்துப்பல் தெரிகிற உதட்டுக்குக் கீழே, உதட்டைத் தொடாமல் ஒன்று. தோளிலும் அப்படியே. நாலிலும் ஒரே இடைவெளி.

போன கோடை லீவில் ஹர்ஷினி என் பையிலிருந்து ஸ்டிக்கர் ரோலை எடுத்து, காலண்டரில் இருக்கிற படங்களுக்கெல்லாம் ஒட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து, “கண்ணு, மேல ஒட்டாத. முனை தொடாம நிறுத்து. கொறை தெரியோணும்” என்று கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தேன். ஒரே நாளில் பிடித்துக்கொண்டாள் என்று கம்பெனியில் எல்லோரிடமும் பெருமை அடித்திருந்தேன்.

அப்புறம் அந்த நாலாவது அம்பு. ஹர்ஷினியின் இடது தோள் வலது தோளைவிட ஒரு நூல் இறங்கியிருக்கும். பை மாட்டி மாட்டி வந்தது. பள்ளிக்கூடத்தில் எவருக்கும் அது தெரிய வாய்ப்பில்லை; அவள் அப்பாவுக்கே தெரியாது. உலகத்தில் அந்தத் தோளைப் பற்றிப் பேசிய ஒரே ஆள் நான்தான். தினமும் வாசற்படியில் நின்று சொல்லியிருக்கிறேன்.

மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் புதுப் பெண் ஸ்டூலை இழுத்துப் போட்டு, “அக்கா, என்னாச்சு, தண்ணி வேணுமா?” என்றாள்.

அவள் ஒப்பித்தது

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். போட்டோவை நடுவில் வைத்தேன்.

“நீயே ஒட்டுனயா சாமி?”

போட்டோவின் முனையை நகத்தால் நிமிண்டியபடி, “ஆமா” என்றாள்.

“எதுக்கு?”

“நீ பாத்தா சொல்லுவீல்ல. அதான் நானே முன்னால பாத்து வெச்சேன்.”

“ஜெனிஃபர்னு நான் சண்டைக்குப் போனப்ப ஏன் கண்ணு சொல்லல?”

“அவ இல்லைன்னு சொன்னேன். நீ நம்பல.”

அழக்கூடாது என்று நினைத்துக்கொண்டே, “இதெல்லாம் கொறைன்னு உங்கிட்ட ஆரு சொன்னா?” என்று கேட்டேன். வகுப்பில் ஒரு பேர், ஒரே ஒரு பேர் வந்துவிடாதா என்று அந்த நிமிஷம்கூட மனசு ஏங்கியது. கேட்டிருக்கவே கூடாது.

அவள் கோபப்படவில்லை. பாடம் ஒப்பிக்கிற மாதிரி, என் வரிசையிலேயே சொன்னாள்.

“நெத்தித் தழும்புல பவுடர் போடு. காது மேல முடிய இழுத்து உடு. பல்லு தெரியாமச் சிரி. தோளத் தூக்கி நில்லு. திரும்பு.”

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். ஏதாவது விட்டுப்போயிற்றா என்று பார்க்கிறாள் என எனக்குப் பட்டது. அவளைக் கட்டிக்கொண்டேன். எதிர்பார்க்கவில்லை போல, கையைத் தொங்கவிட்டபடியே இருந்தாள்.

ஜெனிஃபர் வீட்டு வாசல்

இருட்டுவதற்கு முன்னால் ஜெனிஃபர் வீட்டுக்குப் போனேன். தனியாகத்தான் போனேன்.

எங்கள் பக்கத்தில் கோபம் வந்தால் மரியாதை கூடும். ஸ்டெல்லா என்னைப் பார்த்ததும் எழுந்து, “வாங்க. உக்காருங்க. தண்ணி குடிக்கறீங்களா?” என்றார். இதற்கு முன்னால் “வாக்கா” என்று சொல்கிறவர். நடந்ததை எல்லாம் சொன்னேன். என் மகள்தான் ஒட்டினாள், கற்றுக்கொடுத்தது நான், பழி போட்டதும் நான் என்று ஒளிக்காமல் சொன்னேன்.

“சரிங்க. நீங்க வந்து சொன்னதே பெருசுங்க” என்றார் ஸ்டெல்லா. “ஆனா அன்னைக்கு ஊட்டுக்கு வந்து எங்கிட்ட ஒண்ணு கேட்டாளுங்க. ‘அம்மா, நான் திருட்டுத்தனம் பண்ற மாதிரியா இருக்கறேன், என்ற மூஞ்சியப் பாத்தா அப்படியா தெரியுது?’ன்னு. நான் என்னன்னு சொல்றதுங்க?”

அந்தக் குழந்தைக்கும் ஒரு அம்பை ஒட்டிவிட்டு வந்திருக்கிறேன். கதவோரம் நின்ற ஜெனிஃபரைக் கூப்பிட்டேன். அவள் கிட்டே வரவில்லை, அங்கேயே நின்றாள்.

“ஆன்ட்டி தப்புப் பண்ணிட்டேன் கண்ணு. நாளைக்கு ஸ்கூலுக்கு வந்து மிஸ்கிட்டயும் சொல்றேன். கிளாஸ்லயே வந்து சொல்றேன்.”

அவள் தலையாட்டினாள். அப்புறம் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

“ஆன்ட்டி, கிளாஸ்ல ஹர்ஷினிய ஆருமே ஒண்ணும் சொன்னதில்லீங்க. ஆராச்சும் சிரிச்சாங்கன்னா, என்னப் பாத்துத்தான் சிரிக்கறாங்கன்னு அவளே சொல்லுவா. ஒருக்கா மிஸ் ‘நீ அழகா படிக்கற’ன்னாங்க. அதையும் நம்பலீங்க. எதுக்குச் சொன்னாங்கன்னு கேட்டுட்டே இருந்தா.”

கெட்டியான பாலைப் பார்த்து ஏன் கெட்டியாக இருக்கிறது என்று கேட்கிறவள் பெற்ற பிள்ளை வேறு எப்படி இருக்கும்? கிளம்பும்போது, “நாளைக்கு வேன்ல அவளுக்கு எடம் போட்டு வெக்கறேன். வந்தா வரட்டும்” என்றாள் ஜெனிஃபர். அந்தப் பிள்ளையின் மனசு எனக்கு வராது.

வீட்டுக்கு வந்து அதைச் சொன்னதும் ஹர்ஷினி, “நெசமாவா சொன்னா?” என்று மூன்று தடவை கேட்டாள். அப்புறம் எழுந்து போய் யூனிஃபார்மை எடுத்து வைத்தாள்.

போட்டோவிலிருந்து அம்புகளை நானே உரித்தேன். துணியில் இருந்து வருகிற மாதிரி போட்டோவில் இருந்து அது சுத்தமாக வருவதில்லை. நாலு இடத்திலும் பசை நின்றுவிட்டது. தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்துப் பார்த்தேன், அந்த இடம் மங்கலாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை

நான் திருந்திவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். இனிமேல் வாசற்படியில் ஒரு வார்த்தை சொல்வதில்லை என்று முடிவு. சாப்பாட்டுப் பையைக் கையில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றேன்.

ஹர்ஷினி பையை மாட்டிக்கொண்டு வந்தாள். வழக்கம் போல வாசற்படியில் நின்றாள். தோளைத் தூக்கினாள். உதட்டை மூடிக்கொண்டாள். நான் சொல்லாமலேயே ஒரு சுற்றுத் திரும்பிக் காட்டினாள்.

“போலாம் கண்ணு. வேன் வர்ற நேரம்” என்றேன்.

“பாக்கவே இல்லியேம்மா.”

“பாத்தேன். நல்லா இருக்கற. ரொம்ப அழகா இருக்கற சாமி.”

அவள் அசையவில்லை. என் கண்ணைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். தள்ளுவண்டியில் மேலடுக்குத் தக்காளியை நான் பார்க்கிற பார்வை.

“நீ ஒண்ணுமே சொல்லாம உட மாட்டியே” என்றாள். “என்ன இருக்குதுன்னு சொல்லிரும்மா. வேன்ல ஆராச்சும் பாக்கறதுக்குள்ள.”

“ஒண்ணுமில்லடி தங்கம். நெசமாத்தான் சொல்றேன்.”

வீதி முனையில் ஹாரன் கேட்டது. வேன் வாசலுக்கு வந்து நின்றதும் ஜன்னலோரம் ஜெனிஃபரின் இரட்டைச் சடை தெரிந்தது. பக்கத்து சீட்டில் அவள் பை இருந்தது. ஹர்ஷினியும் அதைப் பார்த்தாள், போக வேண்டும் என்று அவள் கால் துடித்ததை நான் பார்த்தேன். இருந்தும் ஷூவோடு வீட்டுக்குள் ஓடினாள்.

வேன் இரண்டாவது தடவை ஹாரன் அடித்தது. சாப்பாட்டுப் பையோடு நான் எட்டிப் பார்த்தேன். பீரோக் கண்ணாடியில் முகத்தை ஒட்டினாற்போல் வைத்துக்கொண்டு, நெற்றி, காது, பல், தோள் என்று வரிசையாக, நான் சொல்லாமல் விட்டது என்னவென்று அவள் தேடிக்கொண்டிருந்தாள்.